விசைப்பலகையில் எழுத்திலக்கணம்

கள்ளக்குறிச்சி என்னும் ஊர்ப்பெயரில் எட்டு எழுத்துகள் உள்ளன. அவற்றுள் ள், க், ச் ஆகிய மூன்றும் புள்ளி பெற்ற மெய்கள். எனினும், தமிழ்99 விசைப்பலகையில் இப்பெயரைத் தட்டச்சு செய்வோர் புள்ளிக்குரிய விசையை ஒருமுறைகூட அழுத்த வேண்டியதில்லை. அவ்விசைப்பலகை தமிழ் எழுத்திலக்கணத்தை அடிப்படையாகக் கொண்டு அமைந்திருப்பதே இதற்குக் காரணம்.

வடிவமும் ஒலியும்

உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 எனத் தமிழ் எழுத்துகள் 247 ஆகும். இவை ஒவ்வொன்றுக்கும் தனி விசை அமைத்தல் இயலாது. யாழ்ப்பாணத்தில் பிறந்த ஆர். முத்தையா உருவாக்கிய தமிழ்த் தட்டச்சுப்பொறி, எழுத்தின் வடிவத்தைப் பகுத்து விசைகளில் அமைத்தது. அதில் 'பொ' என்னும் எழுத்தைப் பெறக் கொம்பு, பகரம், கால் ஆகியவற்றைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் அழுத்த வேண்டும்.

1999ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டைத் தொடர்ந்து ஏற்கப்பட்ட தமிழ்99, எழுத்தின் ஒலியைப் பகுத்தது. இதில் ப, ஒ என்னும் இரு விசைகளே 'பொ' ஆகும். உயிர்மெய்யில் மெய் முன்னும் உயிர் பின்னும் ஒலிக்கும் என்னும் தொல்காப்பிய விதி இங்குச் செயல்வடிவம் பெறுகிறது. உயிர், மெய், ஆய்தம் ஆகியவற்றுக்குரிய 31 விசைகளால் 247 எழுத்துகளையும் பெறலாம். மெய்க்குப் பின் அழுத்தினால் ஆய்த விசையே புள்ளியாகும்.

தானே அமையும் புள்ளி

ஒரே மெய்க்குரிய விசையை இருமுறை அழுத்தினால், முன்னது புள்ளி பெறும். க, ச, ச, இ என அழுத்தினால், கச்சிராயபாளையத்தின் 'கச்சி' கிடைத்துவிடும். மெல்லினத்தை அடுத்து அதன் இனமான வல்லினம் வரினும் ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற எனப் புள்ளி தானே அமையும்.

இவ்வசதியில் விழிப்பும் தேவை. அனைவரும் ஒன்றாக அமர்ந்து உண்பது சமபந்தி விருந்து. மகரத்தை அடுத்துப் பகரத்தை அழுத்தியவுடன் அது 'சம்பந்தி விருந்து' ஆகிவிடும். மகரத்திற்குப் பின் அகர விசையை அழுத்தினால் இப்பிழை நேராது.

எழுதுவோர் பொறுப்பு

சொல்லுக்குள் அமையும் இனவெழுத்தை விசைப்பலகை அறியும். எழுதுவோர் கருதிய பொருளை அறியாது. கச்சிராயபாளையத்தை அடுத்துள்ள கோமுகி அணையைக் குறிக்க 'அணைக்கட்டு' என எழுத வேண்டும். ஒற்று விடுபட்டு 'அணை கட்டு' என எழுதினால், அது அணையைக் கட்டுமாறு ஏவும் தொடராகிவிடும். அணை, கட்டு என்னும் இரண்டும் பிழையற்ற சொற்களாதலால், சொற்பிழை காட்டும் மென்பொருளும் இதனைக் காட்டாமல் விடக்கூடும்.

நிறுத்தக்குறியும் அத்தகையதே. 'தலைவர், மலர்விழி, கயல்விழி ஆகியோர் வந்தனர்' எனக் கூட்டக் குறிப்பில் எழுதினால் வந்தவர் மூவர். 'தலைவர் மலர்விழி, கயல்விழி ஆகியோர் வந்தனர்' எனில் இருவர். ஒரு காற்புள்ளி ஒருவரின் வருகையையே பதிவிலிருந்து நீக்கிவிடுகிறது. காற்புள்ளியைச் சொல்லை ஒட்டி இட்டு, அதன்பின் ஓர் இடைவெளி விடுதல் முறை. முன்னே இடைவெளி விட்டால், குறி தனித்து அடுத்த வரிக்குச் சென்றுவிடக்கூடும்.

விரைவாகத் தட்டச்சு செய்யும் திறன் பயிற்சியால் வரும். பிழையின்றி எழுதும் திறனை இலக்கண அறிவே தரும். விண்ணப்பமோ தீர்மானமோ அனுப்பப்படும் முன்னர் ஒருமுறை வாய்விட்டுப் படிக்கப்பட வேண்டும்.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊர்ப்பெயரைத் தமிழ்99 முறையில் தட்டச்சு செய்க. புள்ளி தானே அமையும் இடங்களையும், நீங்கள் இட வேண்டிய இடங்களையும் பட்டியலிடுக.