உத்தரத்தில் எழுதிய மழைக் கணக்கு

பாவூர்சத்திரத்தில் மரம் அறுக்கும் ஆலை ஒன்றின் வாயிலில் சற்று நின்று, அறுபட்டுக் கிடக்கும் தேக்கின் வெட்டு முகத்தை உற்று நோக்குங்கள். நடுவைச் சுற்றி வளையம் வளையமாகக் கோடுகள் தெரியும். அவை அம்மரம் எழுதி வைத்த சரித்திரமாகும்.

கோடையில் இலையுதிர்த்து ஓய்ந்து நிற்கும் தேக்கு, மழைக் காலத்தில் மீண்டும் வளரும். ஆகவே வருஷத்துக்கு ஒரு வளையம் உண்டாகிறது. நல்ல மழை பெய்த வருஷத்தில் அது அகன்றும், வறண்ட வருஷத்தில் குறுகியும் அமையும். ஒரே பிரதேசத்துத் தேக்குகளில் இந்த ஏற்றத்தாழ்வு பெரும்பாலும் ஒரே வரிசையாக வரும். வெட்டிய வருஷம் தெரிந்த மரத்தின் உள் வளையங்களோடு, பழைய உத்தரத்தின் வெளி வளையங்கள் பொருந்தினால் அதன் காலம் விளங்கிவிடும். இவ்வாறே சங்கிலி கோத்துப் பின்னோக்கிச் செல்லலாம்.

இதைச் சாஸ்திரமாக்கியவர் டக்ளஸ் என்னும் அமெரிக்க வான சாஸ்திரி. சூரியனிலுள்ள களங்கங்களுக்கும் மழைக்கும் சம்பந்தம் உண்டா என்று ஆராயப் புகுந்த அவர், 1929-ல் அரிஸோனாவிலுள்ள ஷோ லோ என்ற ஊரில் அகப்பட்ட கருகிய கட்டை ஒன்றினால், அறுபட்டிருந்த சங்கிலியை இணைத்தார். அப்பிரதேசத்துப் பூர்வ குடிகளின் பாழடைந்த கட்டடங்களுக்கு வருஷம் கிடைத்தது.

நமது தேசமும் பின்தங்கிவிடவில்லை. புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சி நிலையத்தார், கேரளத் தேக்குகளைக் கொண்டு 1481 முதல் 2003 வரை 523 வருஷங்களுக்கு வளையக் கணக்கு வகுத்து, 2010-ல் வெளியிட்டனர். மலைக்கு இப்பால் மழையின் போக்கு வேறாதலால், நம் பக்கத்து மரங்களுக்கு அது பொருந்துமா என்று தனியே சோதித்தல் வேண்டும்.

எல்லா மரமும் இப்படிக் கணக்கு வைப்பதில்லை. பனைக்கு ஆண்டு வளையமே கிடையாது; எனவே திருநெல்வேலிச் சீமை வீடுகளின் பனங்கைகள் இதற்கு உதவா. மேலும், வளையம் கூறுவது மரம் வெட்டிய காலத்தையே. பழைய உத்தரத்தைப் புது வீட்டில் ஏற்றுவதும் உண்டல்லவா? பட்டையை ஒட்டிய வெளிற்றைத் தச்சர் செதுக்கிவிட்டால், கடைசி வருஷங்களும் அதனோடு போய்விடும்.

பழைய வீடுகளைப் பிரிக்கும்போது உத்தரங்கள் விலையாகி, அறுபட்டுக் கதவும் கட்டிலுமாகின்றன. 1876-ல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தைக் கண்ட தேக்கும் அவற்றில் இருக்கலாம். அறுப்பதற்கு முன் வெளிறு கெடாமல் ஒரு வில்லை எடுத்து, ஊரையும் வீட்டையும் குறித்து வைப்பவர்க்கு நஷ்டம் ஒரு சாண் மரம். அறுத்து இழைத்தபின் அந்தக் கணக்கை எவராலும் மீட்க முடியாது.