அடிபட்டவளுக்குத் துணை நிற்பது யார்?

குடும்ப வன்முறையிலிருந்து மீண்டு வரும் பெண்களுக்குத் தோள் கொடுக்கும் தொண்டர்கள்... அவர்கள் செய்வது என்ன? செய்யாமல் இருப்பது என்ன?

'மாடிப்படியில வழுக்கி விழுந்துட்டேன் டாக்டர்.'

'பாத்ரூம் கதவு நெத்தியில இடிச்சிடுச்சு.'

'ஸ்டவ் வெடிச்சிடுச்சு...'

எந்த மருத்துவமனையின் அவசரப் பிரிவிலும் பழகிப் போன வசனங்கள் இவை. சொல்கிற பெண்ணுக்குப் பக்கத்திலேயே கணவனோ மாமியாரோ நின்றுகொண்டிருப்பார்கள். டாக்டருக்குச் சந்தேகம் வரும். நர்ஸுக்கும் வரும். ஆனால் வெளியே முப்பது பேர் காத்திருக்கும்போது உட்கார்ந்து கேட்க யாருக்கு நேரம்?

2019-21-ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் திருமணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில் சுமார் 38 சதவிகிதம் பேர் கணவனின் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள். பத்துக்கு நாலு பேர் என்று வைத்துக்கொள்ளுங்களேன்! அதே ஆய்வு சொல்லும் இன்னொரு விஷயம் இன்னும் வேதனையானது. இந்திய அளவில், வன்முறைக்கு ஆளான பெண்களில் 77 சதவிகிதம் பேர் யாரிடமும் உதவி கேட்கவில்லை, யாரிடமும் வாய் திறக்கவும் இல்லை. உதவி தேடியவர்கள் வெறும் 14 சதவிகிதம்தான்.

அந்த வாய் திறக்கும் நேரத்தில் பக்கத்தில் இருப்பதுதான் தொண்டர்களின் வேலை.

வீட்டுக் கதவைத் திறந்தவர்கள்

அடிபட்ட பெண்களுக்கென்று காப்பகம் என்ற ஏற்பாடே தொண்டர்களால் உருவானதுதான். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் செயின்ட் பால் நகரத்துப் பெண்கள் சிலர், 1972-ல் ஒரு போன் சேவையை ஆரம்பித்தார்கள். சட்ட யோசனை சொல்வதுதான் திட்டம். ஆனால் போன் செய்த பெண்களில் பலர் கேட்டது வேறு. 'இன்னிக்கு ராத்திரி நான் எங்கே தங்கறது?' பதில் சொல்ல இடம் ஏது? தங்கள் சொந்த வீடுகளிலேயே படுக்கை போட்டுக் கொடுத்தார்கள். 1974-ல்தான் அவர்களுக்கென்று ஒரு வீடு கிடைத்தது. லண்டனின் சிஸ்விக் பகுதியில் 1971-லேயே இதே போன்ற ஒரு வீடு திறக்கப்பட்டிருந்தது.

நம் ஊரிலும் இப்படிப்பட்ட அமைப்புகள் உண்டு. சென்னையில் 2001-ல் தொடங்கப்பட்ட பி.சி.வி.சி. ஒரு நல்ல உதாரணம். நெருக்கடி நேர போன் சேவை, தங்குமிடம், தீக்காயம் பட்ட பெண்களுக்கான 'விடியல்' மையம் என்று குடும்ப வன்முறையின் பல முகங்களோடு போராடிவரும் லாப நோக்கமற்ற அமைப்பு அது. சம்பளம் வாங்கும் ஆலோசகர்களும் சமூகப் பணியாளர்களும்தான் இம்மாதிரி அமைப்புகளின் முதுகெலும்பு. ஆனாலும் கையைக் காலை ஆட்டிக் காரியம் நடக்கத் தொண்டர்கள் வேண்டும்.

முதல் வேலை... கேட்பது!

போனை எடுத்தவுடன் யோசனை சொல்லக் கூடாது. இதுதான் பயிற்சியின் முதல் பாடம். 'இப்ப உங்களால பேச முடியுமா? பக்கத்துல யாராவது இருக்காங்களா?' என்பதுதான் முதல் கேள்வி. லைன் கட்டானால் திரும்பக் கூப்பிடலாமா, கூடாதா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். நாம் திருப்பி அடிக்கும் போனைக் கணவன் எடுத்தால் என்ன ஆகும்? யோசித்துப் பாருங்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2014-ல் வெளியிட்ட கையேடு, பாதிக்கப்பட்ட பெண்ணுக்கான முதலுதவியை ஐந்து படிகளாகச் சொல்கிறது. காது கொடுத்துக் கேட்பது, அவளுக்கு என்ன தேவை என்று விசாரிப்பது, அவள் சொல்வதை நம்புவது, பாதுகாப்புக்கு வழி செய்வது, அடுத்த உதவியோடு இணைத்து விடுவது. இதில் எங்கேயாவது 'புத்தி சொல்வது' இருக்கிறதா? இல்லை!

'நீ என்ன சொன்னே, அவர் அடிக்கிற மாதிரி?' என்ற கேள்வியை அவள் ஏற்கெனவே அம்மாவிடமும் அண்ணனிடமும் கேட்டுச் சலித்திருப்பாள்.

ஒரு விஷயத்தில் மட்டும் தொண்டர்கள் கூடுதல் கவனமாக இருப்பார்கள். 'கழுத்தை நெரிச்சாரு' என்று அவள் சொன்னால் அது அபாயச் சங்கு. கணவனோ காதலனோ ஏற்கெனவே கழுத்தை நெரித்திருந்தால், அந்தப் பெண் பிற்பாடு அவன் கையால் கொல்லப்படும் ஆபத்து சுமார் ஏழு மடங்கு அதிகம் என்று அமெரிக்காவில் 2008-ல் வெளியான ஓர் ஆய்வு கூறுகிறது. வெளியே காயம் தெரியாமலே இருக்கலாம். குரல் கம்முவது, விழுங்கும்போது வலி, மூச்சுத் திணறல், தலைசுற்றல் இருந்தால் உடனே மருத்துவமனைதான். அறிகுறி இல்லாவிட்டாலும் டாக்டர் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

தீக்காய வார்டில்...

சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையின் தீக்காய வார்டு பெரியது. பி.சி.வி.சி. அங்குள்ள பெண்களோடு நெருங்கி வேலை செய்திருக்கிறது. கட்டிலில் கிடக்கும் பெண்ணுக்குச் சோறு ஊட்டுவது யார்? சில சமயம், அவளைக் கொளுத்திய குடும்பமேதான். அவர்களை வைத்துக்கொண்டு உண்மையை எப்படிச் சொல்வாள்? 'ஸ்டவ் வெடிச்சுது' என்றுதான் சொல்வாள். 'குழந்தைங்களை யார் பார்த்துக்குவா?' என்ற பயம் வேறு.

வெளியிலிருந்து ஒருவர் தினமும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தால், மெள்ள நம்பிக்கை வரும். அவள் சொல்ல விரும்பினால், மாஜிஸ்திரேட்டிடம் வாக்குமூலம் கொடுக்க வழியும் பிறக்கும். சொல்ல விரும்பாவிட்டால்? அதற்காக உதவியை நிறுத்துவதில்லை.

உயிர் பிழைத்த பிறகுதான் நீண்ட போராட்டம் ஆரம்பம். புண் ஆறும்போது தோல் இறுகிச் சுருங்கும். தாடை நெஞ்சோடு ஒட்டிக்கொள்ளும். முழங்கை மடங்கியபடியே நின்றுவிடும். இதைத் தடுக்க தினசரி பிசியோதெரபி வேண்டும். தழும்பு தடிக்காமலிருக்க இறுக்கமான பிரத்யேக உடையை ஒரு நாளில் சுமார் 23 மணி நேரம், பல மாதங்கள் போட்டிருக்க வேண்டும். சென்னை வெயிலில்! புதுத் தோல் வளர முட்டை, பால், பருப்பு என்று புரதச் சத்து நிறைய தேவை. உடற்பயிற்சியை நினைவுபடுத்துவது, முட்டை வாங்கிக் கொடுப்பது, மறுபரிசோதனைக்கு ஆட்டோவில் கூட்டிப்போவது... சின்ன வேலைகள்தான். இவை நடக்காவிட்டால் நல்ல ஆபரேஷன்கூட வீண்.

அப்புறம், வேலை. தழும்புள்ள முகத்தோடு வேலை கேட்டால் பலர் கதவைச் சாத்திவிடுவார்கள். 2017-ல் சென்னையில் திறக்கப்பட்ட 'ரைட்டர்ஸ் கஃபே', தீக்காயத்திலிருந்து மீண்ட பெண்களுக்கு கேக், ரொட்டி செய்யப் பயிற்சி கொடுத்து வேலைக்கும் எடுத்துக்கொண்டது. தெரிந்த தொழிலைக் கற்றுக் கொடுப்பதும் தொண்டுதானே?

ஸ்டேஷன், கோர்ட், பள்ளிக்கூடம்

காவல் நிலையத்துக்குத் தனியாகப் போகும் பெண்ணுக்கும், கூட ஒருவர் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கும் வித்தியாசம் உண்டு. தொண்டர் வக்கீலாக இருக்க வேண்டியதில்லை. பேப்பர்களை ஒரு ஃபைலில் அடுக்கி வைத்து, தேதியைக் குறித்து வைத்து, கோர்ட் வராந்தாவில் சாயங்காலம் வரை பேச்சுத் துணையாக இருந்தாலே போதும்.

சட்டம் கொஞ்சம் தெரிந்திருப்பது உபயோகம். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005-ல் இயற்றப்பட்டு, 2006 அக்டோபர் 26-ல் அமலுக்கு வந்தது. அடி உதை மட்டுமல்ல. வசைமொழி, பாலியல் கொடுமை, செலவுக்குப் பணம் தராமல் வாட்டுவது எல்லாமே இதில் அடங்கும். வீடு கணவன் பேரிலோ மாமியார் பேரிலோ இருந்தாலும், சேர்ந்து வாழ்ந்த வீட்டில் வசிக்க அவளுக்கு உரிமை உண்டு. பாதுகாப்பு ஆணையைக் கணவன் மீறினால் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு என்பது பலருக்குத் தெரியாது.

குழந்தைகளை மறந்துவிடக் கூடாது. பாதி வருஷத்தில் ஊர் மாறி வந்த பிள்ளைக்கு டி.சி. இருக்காது. 'டி.சி. இல்லாம சேர்க்க முடியாது' என்று சொன்னால், கல்வி உரிமைச் சட்டம் 14 வயது வரை அப்படி மறுக்கக் கூடாது என்கிறது என்பதை எடுத்துச் சொல்லலாம். மாலையில் வீட்டுப்பாடம் சொல்லிக் கொடுக்கும் அக்காவோ, கேரம் ஆடும் மாமாவோ, அடிக்காத பெரியவர்களும் உலகத்தில் உண்டு என்று அந்தக் குழந்தைக்குக் காட்டுகிறார்கள்.

திரும்பிப் போய்விட்டாளே!

புதுத் தொண்டர்களை உடைத்துப் போடுவது இதுதான். இரண்டு வாரம் ஓடி ஓடி உதவி செய்திருப்பார்கள். ஒருநாள் காலையில் அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு கணவன் வீட்டுக்கே கிளம்பிவிடுவாள். 'இதுக்கா இவ்வளவு பாடுபட்டோம்?' என்று கோபம் வரும்.

கோபப்படாதீர்கள். பணம், குழந்தை, ஊர்ப் பேச்சு, தங்கை கல்யாணம், இன்னும் மிச்சமிருக்கும் பாசம்... எல்லாமும் சேர்ந்து இழுக்கும். கிளம்பும் நேரமும் கிளம்பிய பின்வரும் நாட்களும்தான் உயிருக்கு மிக ஆபத்தானவை என்பதும் உண்மை. அதை அவள் நம்மைவிட நன்றாக அறிவாள். ஆகவே 'எப்ப வேணும்னாலும் கூப்பிடுங்க, ராத்திரியானாலும் பரவாயில்லை' என்று சொல்லி அனுப்ப வேண்டும். திட்டி அனுப்பினால் அடுத்த முறை கூப்பிட வெட்கப்படுவாள். அந்த அடுத்த முறை எப்படிப்பட்ட ராத்திரியாக இருக்குமோ!

தொண்டருக்கும் மனசு உண்டு

தினமும் இந்தக் கதைகளைக் கேட்டால் தூக்கம் கெடும். கெட்ட கனவு வரும். சொந்தக் கணவனின் சத்தமான பேச்சுகூடத் திடுக்கிட வைக்கும். அல்லது எதற்குமே கண் கலங்காத மரத்துப்போன நிலை வரும். இவை பலவீனம் அல்ல, மனம் சுமந்த பாரத்தின் அறிகுறிகள். முறை போட்டு வேலை செய்வது, மூத்த ஆலோசகரிடம் மனம்விட்டுப் பேசுவது, வாரத்தில் ஒருநாளாவது இந்தப் பேச்சே இல்லாமல் இருப்பது அவசியம். அடிபட்டு மீண்ட பெண்களே தொண்டர்களாக வருவதும் உண்டு. அவர்களுக்கு இந்த ஓய்வு இரட்டிப்பு அவசியம்.

தொண்டு செய்யப் போகிறீர்களா? சில விதிகள்

* காப்பகத்தின் முகவரியைக் கட்டிய கணவரிடம்கூடச் சொல்லாதீர்கள். போட்டோ வேண்டவே வேண்டாம்.

* கணவன் மனைவியைக் கூட்டி வைத்துப் பஞ்சாயத்து பேசாதீர்கள். வீடு திரும்பியதும் அவளுக்குத்தான் அடி விழும்.

* சொந்தக் கைக்காசைக் கடனாகக் கொடுக்காதீர்கள். அமைப்பு மூலமாகவே கொடுங்கள்.

* கிழிந்த புடவையை மூட்டை கட்டாதீர்கள். கட்டின துணியோடு வந்தவளுக்கு வேண்டியது புது உள்ளாடை, நாப்கின், சோப்பு, சீப்பு, பிள்ளைக்கு ஒரு ஜோடி செருப்பு.

* வாரம் இரண்டு மணி நேரம்தான் முடியுமா? அதையே தவறாமல் கொடுங்கள். ஆறு மாதம் வராத டாக்டரைவிட, சனிக்கிழமை தோறும் வரும் டியூஷன் டீச்சர் மேல்.

அவசரத்துக்கு...

பெண்கள் உதவி எண் 181. போலீஸ் உதவிக்கு 112. குழந்தைகளுக்கு 1098. இலவச சட்ட உதவிக்கு 15100. இந்த நாலையும் மனப்பாடம் செய்து கொள்ளுங்கள். பக்கத்து வீட்டில் வன்முறை நடப்பதாக நம்பக் காரணம் இருந்தால், பாதுகாப்பு அதிகாரிக்கு நீங்களே தகவல் தரலாம். நல்லெண்ணத்தோடு தந்த தகவலுக்காக உங்கள் மேல் வழக்கு வராது என்று சட்டமே உறுதி சொல்கிறது. 'அடுத்த வீட்டு விவகாரம் நமக்கெதுக்கு?' என்று ஜன்னலைச் சாத்துவதற்கு முன்னால், இதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.