வெளியே வசந்தமாம், சென்சர் சொல்லுது!

"அனுமதியின்றி உள்ளே வரக்கூடாது" என்று எழுதிய அந்தக் கதவுக்குப் பின்னால் அப்படி என்னதான் இருக்கிறது? வாங்கோ, ஒருக்கா எட்டிப் பார்ப்பம். பிறம்ரனில் பிறமலியா சிற்றி சென்ரரைச் சுற்றி நிற்கிற பழைய அடுக்குமாடிகளில் ஏதோ ஒன்றின் பேஸ்மன்ற் என்று வைத்துக்கொள்ளுங்கோ. மாதம் ஜனவரி.

அப்பாடா, என்ன இரைச்சல்! தொடை மொத்தத்தில் குழாய்கள், உறுமுகிற பொயிலர், சுவரில் பளபளவென்று ஒரு திரை. திரையில் எல்லாமே பச்சை. ஒரு குறையும் இல்லையாம். பத்தாம் மாடியிலோ ஓர் அம்மம்மா இரண்டு சுவெற்றர் போட்டுக்கொண்டு போர்வைக்குள் நடுங்குகிறா.

கள்ளன் உள்ளே இல்லை, வெளிச்சுவரில் இருக்கிறான். வெளியே குளிர் கூடக்கூட பொயிலர் தண்ணீரின் சூட்டைக் கூட்டு, குளிர் விட்டால் குறை. இதுதான் கொம்பியூட்டருக்குக் கொடுத்த கட்டளை. நல்ல யோசனைதான், எரிவாயுவும் மிச்சம். ஆனால் குளிரை அளக்கிற விரல் நீளச் சென்சரை யாரோ ஒரு புண்ணியவான் தெற்குச் சுவரில் பூட்டிவிட்டால்? மாரிகாலத்துச் சாய்ந்த வெயில் நேரே அதன் முகத்தில் அடிக்கும். ஊரே உறைந்து கிடக்க, சென்சர் மட்டும் வசந்தம் வந்துவிட்டதென்று அறிவிக்கும். கொம்பியூட்டர் சொல்வழி கேட்கிற பிள்ளை; உடனே தண்ணீரை ஆறவிடும். சூட்டுக்காற்று வெளியேறுகிற துவாரத்துக்குப் பக்கத்தில் பூட்டினாலும் இதே கூத்துத்தான்.

தானியங்கிக் கட்டடங்களின் கூத்து இதோடு முடியவில்லை. அசையாமல் இருந்தால் அணைந்துபோகிற கழிப்பறை விளக்குக்குக் கை ஆட்டிய கதை எல்லோரிடமும் இருக்கிறது, அதை விடுவம். இதைக் கேளுங்கோ: அலுவலகச் சுவரில் நீங்கள் தட்டித் தட்டிச் சண்டை பிடிக்கிற தேர்மோஸ்ரற் சிலவேளை எதனோடும் இணைக்கப்பட்டிராத வெறும் பெட்டி! முறைப்பாடு அடங்கட்டும் என்று வேண்டுமென்றே பூட்டுவார்களாம். 2003இல் வோல் ஸ்ட்ரீற் ஜேர்னல் இந்தக் குட்டை உடைத்தது.

எல்லாவற்றுக்கும் மகுடம் அமெரிக்காவில், மசாசூசெற்ஸ் மாநிலத்து மினெசோக் உயர்நிலைப் பள்ளிக்குத்தான். மின்சாரம் மிச்சம் பிடிக்கவென்று சுமார் 7,000 விளக்குகளை ஒரே மென்பொருளின் கையில் கொடுத்திருந்தார்கள். 2021 ஓகஸ்டில் அது படுத்தது. படுத்தால் விளக்குகள் எரிந்தபடியே இருக்கவேண்டும் என்பது ஏற்பாடு, எரிந்தன. இரவு, பகல், விடுமுறை எல்லாம் எரிந்தன! பூட்டிய நிறுவனம் கைமாறிப் போயிருந்தது. பாகங்கள் வரத் தாமதம். 2023 பிறந்த பிறகும் பள்ளி ஜெகஜ்ஜோதியாக நின்றது. ஆசிரியர்கள் வகுப்பறைகளில் பல்புகளைக் கையாலேயே கழற்றினார்கள். மென்பொருள் பழுதானதை நான் மன்னிப்பேன். சுவரில் ஒரு சாதாரணச் சுவிச் வைக்காமல் விட்டவரைத்தான் மன்னிக்கமாட்டேன்.

ஒன்ராறியோவில் 2023இல் தொடங்கிய 'பீக் பேர்க்ஸ்' திட்டம், மனிதர் கைக்கும் ஒரு சுவிச் விட்டுவைக்கிற விசயத்தில் கெட்டி. சேர்ந்தவர்களின் வீட்டுத் தேர்மோஸ்ரற்றைக் கோடையின் உச்சவேளையில் தூரத்திலிருந்தே இரண்டு பாகை வரை மாற்றுவார்கள். வீட்டில் விருந்தாளிகள், வேர்த்துக் கொட்டுகிறதா? அந்தமுறை மட்டும் பட்டனைத் தட்டி நீங்களே விலகிக்கொள்ளலாம். இந்தப் பட்டன் உண்மையான பட்டன்தான்.