உண்டியலுக்கு ரசீது, கோடிக்கு முகமூடியா?

ஆலைத் தொழிலாளிகள் கூடி ஒரு சங்கம் வைத்தால் சர்க்கார் என்ன கேட்டது? வரவு எங்கே, செலவு எங்கே, தணிக்கை செய்தவர் யார் என்று கேட்டது. 1926ஆம் ஆண்டு, வெள்ளைக்காரன் காலத்தில் பிறந்த தொழிற்சங்கச் சட்டத்தின் 28வது பிரிவு, ஆண்டுதோறும் தணிக்கை செய்த கணக்கைப் பதிவாளரிடம் கொண்டுவந்து வை என்றது. 16வது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போயிற்று. சங்கம் அரசியல் காரியத்துக்குச் செலவு செய்ய வேண்டுமானால் அதற்கென்று தனி நிதி வைக்க வேண்டும். அந்த நிதிக்குப் பணம் கொடு என்று எந்த உறுப்பினரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. கொடுக்காதவனை ஒதுக்கி வைக்கவும் கூடாது! 2025 நவம்பரில் புதிய தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு வந்து இதை அப்புறப்படுத்தும் வரையில், ஏறக்குறைய நூறு ஆண்டுகள் தொழிலாளியின் காசுக்கு இதுதான் சட்டம்.

இதற்காக நாம் வருந்தவில்லை. உழைத்தவன் கொடுத்த காசுக்குக் கணக்கு இருக்கத்தான் வேண்டும். மேலூர் பஸ் நிலையத்தில் உண்டியல் ஏந்தி நிற்கிற தோழனுக்கு அது தெரியும். உண்டியலை உடைத்து எண்ணும்போது நாலு பேர் கூட இருப்பார்கள். தொகையை நோட்டில் எழுதி ஒப்பம் வைப்பார்கள். நமக்குத் தெரிய வேண்டியது வேறு. தொழிலாளியின் சந்தாவுக்கு இத்தனை கட்டுக்காவல் வைத்த நாட்டில், கம்பெனிக்காரனின் கோடிக்கு என்ன காவல் வைத்தார்கள்?

முகமூடி வைத்தார்கள், தோழர்களே!

2017ஆம் ஆண்டு நிதி மசோதாவின் மடியில் சுருட்டிக் கொண்டுவந்து, 2018 ஜனவரி 2ஆம் தேதி அரசிதழில் வெளியிட்ட தேர்தல் பத்திரத் திட்டத்தைத்தான் சொல்கிறோம். ஸ்டேட் வங்கிக்குப் போ; ஆயிரம் ரூபாய் முதல் ஒரு கோடி ரூபாய் வரை மதிப்புள்ள பத்திரத்தை வாங்கு; பிடித்த கட்சியிடம் கொடு; பதினைந்து நாளுக்குள் கட்சி அதைப் பணமாக்கிக் கொள்ளும். பத்திரத்தில் வாங்கியவன் பெயர் கிடையாது. இருபதாயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்தவர் பெயரைத் தேர்தல் ஆணையத்துக்குச் சொல்ல வேண்டும் என்ற விதி, பத்திரத்துக்கு மட்டும் செல்லாது! கம்பெனி தன் மூன்றாண்டு சராசரி லாபத்தில் ஏழரை சதவீதத்துக்கு மேல் கொடுக்கக் கூடாது என்ற வரம்பும் போயிற்று. எந்தக் கட்சிக்குக் கொடுத்தோம் என்று கம்பெனி தன் கணக்கில் எழுத வேண்டும் என்ற கட்டாயமும் போயிற்று. கொடுத்தவனுக்கு வருமான வரிச் சலுகை உண்டு. வாங்கிய கட்சிக்கு வரி கிடையாது. பத்திரம் அச்சிட்ட கூலியும், வங்கிக்குக் கமிஷனும் யார் தலையில்? சர்க்கார் கஜானாவில். அதாவது தீப்பெட்டிக்கும் சோப்புக்கும் வரி கட்டுகிற நம் தலையில்!

ரகசியம் எல்லோருக்கும் ஒன்றுபோல இருந்ததா என்றால் அதுவும் இல்லை. பத்திரத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓர் எண் இருந்தது. புற ஊதா வெளிச்சத்தில் பார்த்தால் தெரியும். வாங்கியவனின் முழு ஜாதகமும் வங்கியில் இருந்தது. வங்கி சர்க்காருடையது. ஆளுகிறவன் நினைத்தால் பார்க்கலாம். ஓட்டுப் போடுகிறவன் மட்டும் பார்க்கக் கூடாது! ரிசர்வ் வங்கி ஆட்சேபித்தது. தேர்தல் ஆணையமே இது பின்னோக்கிய நடை என்று 2017இல் சட்ட அமைச்சகத்துக்கு எழுதியது. கேட்பாரில்லை.

ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கமும், காமன் காஸ் அமைப்பும், மார்க்சிஸ்ட் கட்சியும் வழக்குத் தொடுத்தன. இடதுசாரிக் கட்சிகள் இந்தப் பத்திரத்தைத் தொடவே இல்லை என்பதையும் இங்கே பதிய வைக்கிறோம். 2024 பிப்ரவரி 15ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு ஒருமனதாகத் திட்டத்தைச் செல்லாது என்றது. கட்சிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று அறிவது வாக்காளரின் உரிமை என்றது. அதற்குள் 30 தவணைகளில் 16,518 கோடி ரூபாய்க்குப் பத்திரம் விற்றாகிவிட்டது. அதில் பாதியளவு ஒரே கட்சிக்கு, மத்தியில் ஆளும் பாரதிய ஜனதாவுக்குப் போய்ச் சேர்ந்தது.

அப்புறம் ஸ்டேட் வங்கி ஆடிய ஆட்டத்தை மறக்க முடியுமா? விவரத்தை மார்ச் 6க்குள் கொடு என்று கோர்ட் சொன்னது. ஜூன் 30 வரை அவகாசம் வேண்டும் என்று வங்கி மனுப் போட்டது. ஜூன் 30 என்றால் பாராளுமன்றத் தேர்தல் முடிந்து புதுச் சர்க்கார் நாற்காலியில் உட்கார்ந்த பிறகு! மார்ச் 11ஆம் தேதி கோர்ட் மனுவைத் தள்ளியது. நாலு மாதம் ஆகும் என்ற வேலை மறுநாளே முடிந்துவிட்டது! விவசாயி ஐயாயிரம் ரூபாய் பயிர்க் கடன் பாக்கி வைத்தால் வீடு தேடி வருகிற வங்கிக்கு, 16,000 கோடி ரூபாயின் பெயர்ப் பட்டியல் கிடைக்கவில்லையாம்.

பட்டியல் வெளியே வந்தது. நாட்டிலேயே அதிகப் பத்திரம் வாங்கியவர் யார்? டாட்டாவா, பிர்லாவா? நம் கோயம்புத்தூர் லாட்டரிக் கம்பெனி, பியூச்சர் கேமிங், 1,368 கோடி ரூபாய்! தமிழ்நாட்டில் லாட்டரியை 2003இலேயே தடை செய்தாயிற்று. ஆனால் அந்தக் கம்பெனியிடமிருந்து திராவிட முன்னேற்றக் கழகத்துக்கு வந்தது 509 கோடி. இதைக் கழகமே தேர்தல் ஆணையத்திடம் பெயர் சொல்லிக் கணக்குக் கொடுத்தது. பெரிய கட்சிகள் பல வாய் திறக்காதபோது அது சொன்னது, சொன்னதை மெச்சுகிறோம். வாங்கியதை மெச்ச முடியாது. தோழமைக் கட்சிதானே என்று இந்தப் பத்தியை எழுதாமல் விட்டால் நாளைக்கு மேலூர்த் தொழிலாளி நம் முகத்தைப் பார்த்துச் சிரிப்பான்.

இனி நம் ஊர்க் கதைக்கு வருவோம்.

வேதாந்தா என்ற பெயரை மேலூர்ப் பக்கத்துக் குழந்தையும் அறியும். 2018 மே 22ஆம் தேதி தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்துப் போன மக்கள் மீது போலீஸ் சுட்டு 13 உயிர் போயிற்றே, அந்த ஆலையின் முதலாளிதான். இந்தக் குழுமத்தின் கம்பெனிகள் காங்கிரஸ், பாரதிய ஜனதா இரண்டுக்கும் பணம் கொடுத்தன. இங்கிலாந்தில் பதிவான கம்பெனியின் பிடியில் உள்ளவை என்பதால் அது அந்நியப் பணம், வாங்கியது சட்ட விரோதம் என்று டில்லி ஹைகோர்ட் 2014 மார்ச் 28ஆம் தேதி தீர்ப்புச் சொன்னது. குற்றம் செய்தவன் என்ன செய்வான்? அபராதம் கட்டுவான், அல்லது ஜெயிலுக்குப் போவான். இவர்கள் சட்டத்தையே மாற்றிவிட்டார்கள்! 2016ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தில் 'அந்நிய மூலம்' என்ற சொல்லுக்குப் புது அர்த்தம் எழுதினார்கள். அது பழைய பணத்தை முழுக்க மூடவில்லை என்று தெரிந்ததும், 2018இல் திருத்தத்தை 1976 ஆகஸ்டு 5ஆம் தேதி வரை பின்னுக்கு இழுத்தார்கள். நாற்பத்திரண்டு ஆண்டு பின்னோக்கிப் பாவமன்னிப்பு! சபையில் ஒருவரை ஒருவர் கிழித்துக்கொள்ளும் இரண்டு கட்சிகளுக்கும் ஒரே துணியில் மறைப்பு.

பத்திரம் வந்ததும் வேதாந்தா சுமார் 400 கோடிக்கு வாங்கியது. பாதிக்கு மேல் பாரதிய ஜனதாவுக்கு. காங்கிரசுக்கும் உண்டு, ஒரிசாவை அப்போது ஆண்ட பிஜு ஜனதா தளத்துக்கும் உண்டு.

2023இல் கனிமச் சட்டத்தைத் திருத்தி, டங்ஸ்டன் முதலிய 24 கனிமங்களை ஏலம் விடும் அதிகாரத்தை மத்திய சர்க்கார் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. 2024 நவம்பர் 7ஆம் தேதி மேலூர் தாலுகாவில் 2,015 ஹெக்டேர், ஏறக்குறைய ஐயாயிரம் ஏக்கர், வேதாந்தாவின் இந்துஸ்தான் ஜிங்க் கம்பெனிக்கு ஏலத்தில் போயிற்று. நாயக்கர்பட்டி, அரிட்டாபட்டி, வல்லாளப்பட்டி, கிடாரிப்பட்டி! சமணப் படுக்கையும் தமிழி எழுத்தும் பாண்டியர் குடைவரையும் உள்ள அரிட்டாபட்டி மலை, 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று அறிவிக்கப்பட்ட மலை, ஏலச் சீட்டில் வெறும் ஒரு கட்டம். பிறகு நடந்ததை மேலூர்க்காரனுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. சட்டசபை தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7ஆம் தேதி மேலூரில் கடையடைப்பு. நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் வரை ஜனக் கடல். ஜனவரி 23இல் ஏலம் ரத்து!

வேதாந்தாவின் 2024–25 ஆண்டறிக்கை பின்னால் வந்தது. கட்சியின் பெயரைக் கம்பெனிக் கணக்கில் எழுத வேண்டும் என்ற பழைய ஷரத்து, கோர்ட் தீர்ப்பால் திரும்ப உயிர் பெற்றிருந்தது. எழுதியிருக்கிறார்கள்: அரசியல் நன்கொடை 157 கோடி, அதில் பாரதிய ஜனதாவுக்கு 97 கோடி. முந்தைய ஆண்டு 26 கோடி.

பணம் கொடுத்துத்தான் ஏலம் எடுத்தார்கள் என்று நாம் சொல்லவில்லை. அதற்குச் சாட்சி இல்லை. சாட்சியில்லாமல் பேசுவது நம் வழக்கமும் அல்ல. ஆனால் கேட்கிறோம். ஏலம் விட்ட சர்க்காரின் கட்சி, ஏலம் எடுத்தவனிடம் அதே ஆண்டில் 97 கோடி வாங்குகிறது. இந்த விவரம் அரிட்டாபட்டி விவசாயிக்கு எப்போது தெரிய வேண்டும்? நிலத்துக்குக் கல் நடுவதற்கு முன்பா, ஊர் திரண்டு நிலத்தைக் காப்பாற்றிய பிறகா? கீழவளவு, கீழையூர்ப் பக்கம் கிரானைட்டுக்காகக் குன்றுகள் அறுபட்டபோது, சர்க்காருக்கு 16,338 கோடி நஷ்டம் என்று 2012இல் கலெக்டர் சகாயம் கணக்கிட்டு எழுதினார். அறுத்தவர்கள் எந்தக் கட்சிக்காவது பணம் கொடுத்தார்களா, எவ்வளவு என்று பார்க்க அன்றைக்கு ஊராருக்கு வழி இருந்ததா?

எதிர்த் தரப்பார் ஒரு கேள்வி வைத்திருக்கிறார்கள். டீக்கடையில் நம் தோழர்களை மடக்குவதும் அதை வைத்துத்தான். 2019 தேர்தலில் தி.மு.க. உங்களுக்கு 25 கோடி கொடுக்கவில்லையா என்கிறார்கள். கொடுத்தது. இந்தியக் கம்யூனிஸ்டுக்கு 15 கோடி, மார்க்சிஸ்டுக்கு 10 கோடி, தேர்தல் செலவுக்கு. இது எப்படி வெளியே வந்தது? தேர்தல் ஆணையத்தில் தாக்கலான கணக்கிலிருந்து! கணக்கு இருந்ததால் நீ கேட்கிறாய், நாம் நின்று பதில் சொல்கிறோம். பத்திரத்தில் வந்திருந்தால் உன்னால் கேட்டிருக்க முடியுமா?

பத்திரம் ஒழிந்ததே, அப்புறம் என்ன என்று சிலர் நினைக்கலாம். 2013இல் வந்த தேர்தல் அறக்கட்டளைத் திட்டம் பத்திரமாக இருக்கிறது. கம்பெனிகள் அறக்கட்டளையில் போடும்; அது 95 சதவீதத்தைக் கட்சிகளுக்குப் பங்கு வைக்கும்; வரி இல்லை. போட்டவன் பட்டியல் உண்டு, வாங்கியவன் பட்டியல் உண்டு; எவன் பணம் எவனுக்கு என்பதுதான் இல்லை! பத்துக் குடம் பாலை ஒரே அண்டாவில் ஊற்றினால் எந்தக் குடத்தில் தண்ணீர் என்று யார் கண்டது? 2024–25இல் இந்த வழியில் 3,800 கோடிக்கு மேல் போனது. ஐந்தில் நாலு பங்கு பாரதிய ஜனதாவுக்கு. அமெரிக்காவிலும் இந்த வித்தைதான். சமூக நலச் சங்கம் என்று பெயர் வைத்து வரிவிலக்கு வாங்கி, தேர்தலில் கோடி கோடியாக இறைக்கிறார்கள். கொடுத்தவன் பெயரை ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2020 முதல் வரி இலாகாவுக்கே சொல்ல வேண்டாம் என்றும் ஆக்கிவிட்டார்கள்.

1957இல், டாட்டா இரும்புக் கம்பெனி கட்சிகளுக்கு நிதி கொடுக்க அனுமதி கேட்டபோது, பம்பாய்த் தலைமை நீதிபதி சாக்ளா சட்டப்படி தடுக்க முடியவில்லை என்று விட்டார். ஆனால் இது ஜனநாயகத்தின் கழுத்தை நெரித்துவிடும், பாராளுமன்றம் கவனிக்கட்டும் என்று எச்சரித்துத்தான் விட்டார். 1969இல் கம்பெனி நன்கொடையைத் தடை செய்தார்கள். 1985இல் திறந்துவிட்டார்கள். திறந்த மதகு அப்புறம் மூடவில்லை.

நாம் கேட்பது பெரிய காரியமல்ல. 1979 முதல் கட்சிகளின் வருமானத்துக்கு வரி விலக்கு உண்டு. 2025இல் வந்த புதிய வருமான வரிச் சட்டமும் அதைத் தொடவில்லை. நம் கட்சிக்கும் அது உண்டு. விலக்கு என்பது மக்கள் கொடுக்கிற சலுகை. அப்படியானால் அறக்கட்டளை, எந்தக் கம்பெனியின் எத்தனை ரூபாய் எந்தக் கட்சிக்கு என்று வரிக்கு வரி எழுத வேண்டும். கனிமம், ரோடு, மின்சாரம் என்று சர்க்காரிடம் ஏலமும் டெண்டரும் எடுக்கிறவன், தான் கொடுத்த நன்கொடையை ஏலச் சீட்டோடு சேர்த்து வைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், காலம். ஏப்ரலில் ஒரு கட்சி வாங்கிய பணம், நிதியாண்டு முடிந்து, கணக்குத் தாக்கலாகி, வெளியே வர ஒன்றரை வருஷம் ஆகிறது. மையும் அழிந்துவிடும், ஜெயித்தவன் மந்திரியாகியும் விடுவான். இங்கிலாந்தில் பொதுத் தேர்தல் நேரத்தில் கட்சிகள் வாரத்துக்கு ஒரு முறை நன்கொடைக் கணக்குக் கொடுக்கின்றன. இங்கே ஓட்டுப் பெட்டி திறப்பதற்கு முன்னால் ஒரு முறையாவது கொடுக்கச் சொல்லுங்கள். ஓட்டுக் கேட்டு மேலூர்ச் சந்தைக்கு வருகிற எந்தக் கொடிக்காரனாக இருந்தாலும், நம் கொடியே ஆனாலும், முதலில் அந்தத் தாளைக் கேளுங்கள்.