நேரலையும் கறையானும்: பதிவு செய்தல் குறித்துச் சில குறிப்புகள்

2020ஆம் வருஷம் ஊரடங்கு நேரத்தில் கம்பத்தில் நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து இணையவழிக் கூட்டங்கள் நடத்திக்கொண்டிருந்தோம். கூட்டம் என்றால் பெரிய கூட்டமெல்லாம் இல்லை. இருபது பேர் வந்தால் அதிகம். அதில் ஒருநாள் ஓர் அம்மாவைப் பேச வைத்தோம். நாற்பது வருஷம் விடிகாலை ஜீப்பில் மலையேறி ஏலத்தோட்டத்தில் களையெடுத்துப் பழமெடுத்துத் திரும்பியவர். பேரன் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டிருக்க, "ஏப்பா, நான் பேசுறது அங்கிட்டு கேக்குதா?" என்று தொடங்கியவர் ஒன்றரை மணி நேரம் பேசினார். கங்காணிகள், கூலிச் சண்டை, சோதனைச் சாவடி, பிள்ளை பெற்ற பத்தாம் நாள் வேலைக்குப் போனது, நடுநடுவே பாட்டு. முடிந்ததும் ஆளாளுக்குக் கைதட்டினோம். மறுநாள் ஒரு நண்பர் கேட்டார், "அந்தப் பதிவைக் கொஞ்சம் அனுப்புங்கண்ணே." நான் இன்னொருவரைக் கேட்டேன். அவர் என்னிடம் இருக்கும் என்று நினைத்திருந்தார். ஒருத்தரும் பதிவுப் பொத்தானை அமுக்கவில்லை. அடுத்த வருஷம் அந்த அம்மா இறந்துபோனார்.

எழுத்தறிந்த நாங்கள் செய்த குற்றம் இது. இதற்குத் தொழில்நுட்பத்தின் மேல் பழிபோட முடியாது. இப்போது ஆர்ப்பாட்டமோ புத்தக வெளியீடோ சட்டமன்றமோ நீதிமன்றமோ, எல்லாமே நேரலையாக வருகிற காலம். 'அதான் லைவ் போட்டாச்சே' என்று சொல்லிவிட்டு எழுந்து போகிறோம். போட்டது எங்கே இருக்கிறது, எத்தனை நாள் இருக்கும், யார் கையில் இருக்கும் என்ற கேள்விகள் நமக்குள் எழுவதே இல்லை. இந்தக் கேள்விகளைக் கொஞ்சம் விரித்துப் பார்ப்பதும், பதிவு செய்துவைக்கும் வழிகளைத் தெரிந்தவரைக்கும் சொல்வதும்தான் இக்கட்டுரை.

முதலில் நேரலை என்பதே ஒரு புனைவு என்பதைப் பார்த்துவிடலாம். கேமரா முன் நடப்பதும் நம் திரையில் தெரிவதும் ஒரே கணத்தில் நிகழ்வதில்லை. இன்று பரவலாக உள்ள முறையில் காட்சி சில விநாடிகள் கொண்ட சின்னச்சின்னத் துண்டுகளாக நறுக்கப்படுகிறது. அந்தத் துண்டுகளின் வரிசையைச் சொல்லும் ஒரு பட்டியல் கோப்பு (எம்3யு8 என்று முடியும்) விநாடிக்கு விநாடி புதுப்பிக்கப்படுகிறது. நம்முடைய கைப்பேசி அந்தப் பட்டியலைப் பார்த்துப் பார்த்து அடுத்த துண்டை வாங்கிக் காட்டுகிறது. ஆப்பிள் நிறுவனம் 2009இல் கொண்டுவந்த முறை இது. ஆறு ஓடுகிறது என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் வாளி வாளியாக மாற்றிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆக, பார்ப்பது என்பதே ஏற்கெனவே ஒரு நகலெடுப்புதான். துண்டு நம் கருவிக்குள் வந்து, காட்டப்பட்டு, தூக்கி எறியப்படுகிறது. பதிவு செய்தல் என்பது அந்தத் தூக்கி எறிதலை நிறுத்துவது, அவ்வளவே. இது புரிந்துவிட்டால் பாதி மிரட்சி போய்விடும்.

தமிழ் படித்தவனுக்கு இந்த இடத்தில் ஏடுகள் ஞாபகம் வராமல் இருக்காது. பனையோலை தானாக நிலைப்பதில்லை. ஒவ்வொரு தலைமுறையிலும் யாராவது உட்கார்ந்து பெயர்த்து எழுதினால்தான் அது அடுத்த தலைமுறைக்குப் போகும். எழுதாமல் விட்டதைக் கறையான் தின்றது. எஞ்சியதை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டார்கள். உ.வே.சா. ஊர் ஊராக அலைந்தது இதன் பின்னணியில்தான். திருமுறை கண்ட கதையை எல்லோரும் பக்தியோடு சொல்கிறோம். ஆனால் அந்தக் கதைக்குள் இருப்பது என்ன? தில்லைக் கோயிலில் பூட்டி முத்திரையிட்ட ஓர் அறை. திறக்கும் உரிமை சிலருக்கு மட்டும். திறந்தபோது புற்று. கிடைத்தது போக மீதி செல்லுக்கு. ஆவணக் காப்பகம் குறித்து தெரிதா 1995இல் எழுதியதற்கு வெகுகாலம் முன்பே, காப்பகமும் அதிகாரமும் ஒரே பூட்டுக்கு உட்பட்டவை என்று நம்முடைய கதை சொல்லிவிட்டது. பூட்டியவர்தான் காப்பாற்றுபவர், அவர்தான் அழியவிடுபவரும்.

இன்றைய பூட்டு யாரிடம் இருக்கிறது? 2025 பிப்ரவரி 19 முதல் பேஸ்புக்கில் போடும் நேரலைகள் 30 நாள் மட்டுமே இருக்கும், பிறகு அழிக்கப்படும் என்று அந்நிறுவனம் அறிவித்தது. அதற்கு முன் போட்டவற்றுக்கும் இதே கதிதான். உரியவருக்கு அறிவிப்பு அனுப்பி, இறக்கிக்கொள்ள 90 நாள் அவகாசம். நம்மில் எத்தனை பேர் அந்த அறிவிப்பைப் படித்தோம்? 2017 ஜனவரியில் மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காகக் கூடியவர்கள் கைப்பேசி வெளிச்சத்தில் இரவெல்லாம் நேரலை போட்டார்கள். ஜனவரி 23 அன்று நடுக்குப்பம் எரிந்த கதையும், காவலர்களே வாகனங்களுக்குத் தீ வைப்பதாகக் காட்டிய காட்சிகளும் கைப்பேசிகள் வழியாகத்தான் வெளியே வந்தன. அப்படி நேரலையாகப் போட்டவர், இப்போது கணக்கையே மறந்துவிட்டிருந்தால், யாரிடம் போய்க் கேட்பது? ஒரு கம்பெனியின் சேமிப்புச் செலவுக் கணக்கு ஒரு மக்கள் எழுச்சியின் நினைவுக்குக் கெடு வைக்கிறது.

அரசின் கிட்டங்கி மட்டும் பத்திரமா என்றால் அதுவும் இல்லை. 2022 பிப்ரவரி 15 அன்று நாடாளுமன்றத்தின் சன்சத் டிவி யூடியூப் அலைவரிசைக்குள் யாரோ புகுந்து பெயரை மாற்றிவிட, யூடியூப் அதை முடக்கியே வைத்தது, பிறகுதான் மீண்டது. 2024 செப்டம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றத்தின் அலைவரிசையில் வழக்குக்குப் பதிலாகக் கிரிப்டோ நாணய விளம்பரம் ஓடியது. இவையாவது வெளியார் செய்தவை. சாத்தான்குளத்தை நினைத்துப் பாருங்கள். 2020 ஜூனில் ஜெயராஜ், பென்னிக்ஸ் இருவரும் அடிபட்ட காவல் நிலையத்தில் கேமரா இருந்தது, போதிய கொள்ளளவுள்ள வன்தட்டும் இருந்தது. ஆனால் அன்றன்றைய காட்சி அன்றன்றே தானாக அழியும்படி அமைத்திருந்தார்கள் என்று விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர் அறிக்கை கொடுத்தார். அதே வருஷம் டிசம்பரில் உச்ச நீதிமன்றம், காவல் நிலையக் கேமராப் பதிவுகளை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், முடியாத இடத்தில் ஒரு வருஷமாவது வைக்க வேண்டும் என்றது. 'தானாக அழிந்துவிட்டது' என்ற வாக்கியத்தில் எழுவாய் இல்லை, கவனித்தீர்களா? யாரோ ஒருவர் அப்படி அமைத்தார். இலக்கணத்தில் ஒளிந்துகொள்வது அதிகாரத்துக்குப் பழகிய வேலை.

சரி, எப்படிப் பதிவு செய்வது? நேரலை போடுபவர் நாமே என்றால் முதல் வேலை, கேமராவிலோ இன்னொரு கைப்பேசியிலோ தனியாக ஒரு பதிவை ஓடவிடுவது. இணையத்தை மட்டும் நம்பக் கூடாது. 2018 மே 22 தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டுக்கு அடுத்த நாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையத்தை நிறுத்தினார்கள். அந்நேரம் நேரலை என்பது வெறும் சுழலும் வட்டம். கையிலுள்ள அட்டையில் பதிவானதுதான் மிஞ்சும்.

பிறர் போடும் நேரலை என்றால் எளிய வழி திரைப்பதிவு. இப்போதைய ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் அது உள்ளேயே இருக்கிறது. அதில் 'சாதன ஒலி' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் மைக் வழியாக ஃபேன் சத்தமும், "சாப்பிட வர்றியா இல்லையா" என்று அம்மா கூப்பிடுவதும் சேர்ந்து பதிவாகும். (என்னிடம் அப்படி ஒரு கருத்தரங்கே இருக்கிறது.) கணினியில் ஓபிஎஸ் என்ற இலவச மென்பொருள் இதற்குத் தோதானது. அதில் கோப்பு வகையை எம்பி4 என்று வைக்காமல் எம்கேவி என்று வையுங்கள். எம்பி4 கோப்பு முழுசாக மூடப்படாவிட்டால் திறக்காமல் போகும். எம்கேவியில் கரண்ட் போன கணம் வரைக்கும் உள்ளது தப்பும். நம்ம ஊர் மின்வெட்டுக்கு இது முக்கியம். கணினி தூங்கிப் போகாதபடி அமைப்பில் மாற்றிவிட்டு உட்காருங்கள்.

திரைப்பதிவுக்கு ஒரு குறை உண்டு. அது படத்தைப் படமெடுப்பது. தரம் ஒருபடி இறங்கும், நடுவில் வரும் வாட்ஸப் அறிவிப்பும் வரலாற்றில் இடம்பிடிக்கும். மேலே சொன்ன துண்டுகளையே நேராக வாங்கி ஒட்டுவதுதான் சுத்தமான முறை. ஒய்டி-டிஎல்பி என்ற இலவச நிரல் அதைச் செய்கிறது. எஃப்எஃப்எம்பெக் என்ற இன்னொன்று ஒட்டும் வேலையைப் பார்க்கும். கறுப்புத் திரையில் கட்டளை தட்ட வேண்டுமே என்று பயப்பட வேண்டாம், ஒருமுறை பழகினால் போதும். யூடியூப் நேரலைக்குத் தாமதமாக வந்தாலும் 'தொடக்கத்திலிருந்து எடு' என்று அதனிடம் சொல்லலாம்; பின்னோக்கிப் பார்க்கும் வசதியை அலைவரிசைக்காரர் அடைக்காமல் இருந்தால் பெரும்பாலும் எடுத்துக் கொடுக்கும். மற்றத் தளங்கள் பலவற்றில் நாம் வந்த நேரத்திலிருந்துதான் கிடைக்கும். 'முடிஞ்ச பிறகு பாத்துக்கலாம், அங்கேயே கிடக்கும்' என்று இருக்கக் கூடாது. 12 மணி நேரத்துக்குள் முடியும் நேரலையைத்தான் யூடியூப் தானாகச் சேமிக்கிறது. இரவு பகலாக நடக்கும் ஒரு முற்றுகை அதற்குள் அடங்காது. சேமித்ததையும் உரிமையாளர் வெட்டலாம், மறைக்கலாம். நேரலையோடு ஓடும் அரட்டையையும் அதே நிரலால் இறக்கி வையுங்கள். ஆணவக்கொலை குறித்த ஒரு விவாதத்துக்குக் கீழே சாதிப் பெயர் சொல்லிக் கொட்டப்படும் வசவுகளும் ஒரு சமூகப் பிரதிதான்.

அளவு பற்றி ஒரு வார்த்தை. நடுத்தரத் துல்லியத்தில் ஒரு மணி நேரக் காட்சி ஏறத்தாழ 1 ஜிபி வரும். பழைய பென்டிரைவ் பலவும் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பை ஏற்காது. எக்ஸ்ஃபேட் முறையில் மாற்றியமைத்தால் ஏற்கும்.

இனி உரிமைச் சிக்கல். இதை நைசாகத் தாண்டிவிட முடியாது. தளங்களின் விதிகள் அனுமதியில்லாமல் இறக்குவதைத் தடுக்கின்றன. பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தனிப்பட்ட பயன்பாடு, ஆய்வு, விமர்சனம், நடப்புச் செய்தி ஆகியவற்றுக்கு நியாயமான அளவில் இடம் தருகிறது. நீதிமன்றம் தனி ரகம். நேரலை பொதுமக்களின் உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 26 அன்று ஸ்வப்னில் திரிபாதி வழக்கில் சொன்னது. 2022 செப்டம்பர் 27 முதல் அரசியல் சாசன அமர்வுகள் ஒளிபரப்பாகின்றன. ஆனால் 2021இல் வந்த மாதிரி விதிகள், அனுமதி பெறாத எவரும் அதைப் பதிவு செய்யவோ பரப்பவோ கூடாது என்கின்றன. பார், ஆனால் வைத்துக்கொள்ளாதே. 2024இல் கர்நாடகத்தில் என்ன நடந்தது? உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் விசாரணையின்போது பெங்களூரின் ஒரு பகுதியைப் பாகிஸ்தான் என்று குறிப்பிட்ட துண்டுக்காட்சி செப்டம்பரில் நாடெங்கும் பரவியது. உச்ச நீதிமன்றம் தானாக வழக்கை எடுத்தது; நீதிபதி வருத்தம் தெரிவிக்க, இந்தியாவின் எந்தப் பகுதியையும் அப்படிச் சொல்லக் கூடாது என்று சொல்லி செப்டம்பர் 25 அன்று முடித்தது. அதற்கு முந்தின நாள்தான் அதே கர்நாடக உயர் நீதிமன்றம், நேரலைத் துண்டுகளைப் பரப்பக் கூடாது என்று இடைக்கால ஆணை போட்டது. விதியை மீறி யாரோ வெட்டி எடுத்த துண்டு இல்லாவிட்டால் அந்தத் திருத்தம் நடந்திருக்குமா? துண்டு ஆபத்தானது என்பதையும் மறுக்கவில்லை. முன்பின் இல்லாத பத்து விநாடி யாரையும் அயோக்கியனாக்கும். அதனால்தான் முழுசாகக் காப்பவர்கள் வேண்டும் என்கிறேன்.

நம்முடைய பக்கத்துக்காரர்களுக்கு இது நெருக்கமாகவே புரியும். முல்லைப் பெரியாறில் 142 அடி தேக்கலாம் என்று ஐந்து நீதிபதிகள் அமர்வு 2014 மே 7 அன்று சொன்னது. பள்ளத்தாக்கின் தலையெழுத்தைத் தீர்மானித்த அந்த வாதங்களை நாம் பார்க்கவில்லை. தீர்ப்பு மட்டும் கைக்கு வந்தது. உரையில்லாமல் மூலத்தைப் படிக்கிற மாதிரி.

சட்டமன்றத்தில் இன்னொரு விநோதம். 2023 ஜனவரி 9 அன்று ஆளுநர் அரசு தயாரித்த உரையில் சிலவற்றை விட்டும் சேர்த்தும் வாசித்தார். அச்சிட்ட உரை மட்டுமே அவைக்குறிப்பில் ஏறும் என்று முதல்வர் தீர்மானம் கொண்டுவர, ஆளுநர் வெளியேறினார். அரசியலாக அந்தத் தீர்மானத்தின் பக்கம்தான் நான். ஆனால் ஆய்வாளனுக்கு அச்சுப் பிரதியும் வேண்டும், வாயால் சொன்ன பிரதியும் வேண்டும். எதை விட்டார் என்பதுதானே சேதி! பாடபேதம் இல்லாமல் பதிப்பு ஏது?

பதிவை நீதிமன்றத்தில் காட்ட வேண்டிய நிலை வரும் என்று தோன்றினால் அன்றைக்கே ஒரு காரியம் செய்யுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவு மின்னணுச் சான்றுக்குச் சான்றிதழ் கேட்கிறது. அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பும் குறிக்கப்பட வேண்டும். ஹாஷ் என்பது கோப்பின் கைரேகை. ஷா-256 முறையில் 64 எழுத்தும் எண்ணுமாக வரும். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் முழுசும் மாறிப்போகும். பதிவான உடனே அதை எடுத்து, நேரலையின் முகவரி, தேதி, தொடங்கிய நேரம், எந்தக் கருவி, யார் எடுத்தது என்ற விவரங்களோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மூலக் கோப்பைத் தொடாதீர்கள்; வெட்டுவது ஒட்டுவதெல்லாம் நகலில்தான். நகல்கள் இரண்டு வேறு வீடுகளில் இருக்கட்டும். ஒன்றை இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் ஏற்றலாம், அதுவும் 2024 அக்டோபரில் தாக்குதலுக்குள்ளாகிச் சில நாள் முடங்கியது என்பதை மறக்காமல்.

எல்லாவற்றையும் ஏற்றிவிடவும் கூடாது. போராட்டக் காட்சியில் முகங்கள் இருக்கின்றன. தமிழ்நாடு காவல்துறையிடம் 2021 முதல் முகமறியும் மென்பொருள் இருக்கிறது. 2024 மே மாதம் அந்த இணையவாயிலுக்குள்ளேயே வெளியார் புகுந்தார்கள். ஆர்ப்பாட்டத்தில் கோஷம் போட்ட பெண் மறுநாள் வேலைக்குப் போக வேண்டியவர். ஏலத்தோட்டத்துக் கூலிச் சண்டையைப் பேச இன்னொருவர் முன்வந்தபோது, இந்தமுறை மூன்று கருவிகளில் பதிவு ஓடியது. முடிந்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்: "என் பேரு வெளிய வராதுல்ல தம்பி? இன்னும் அந்தத் தோட்டத்துலதான் வேலைக்குப் போயிட்டிருக்கேன்." கோப்பு இரண்டு வன்தட்டுகளில் இருக்கிறது. அவர் சரி என்று சொல்கிற வரைக்கும் அங்கேயே இருக்கும்.