பரணில் கிடக்கும் பழைய ரேஷன் கார்டு... தூக்கிப் போடலாமா? வீட்டைக் காலி பண்ணும் முன் இதைப் படிங்க!

போகி வந்தால்தான் பல வீடுகளில் பரண் பக்கமே யாராவது ஏறுவார்கள். ஒரே நாளில் எல்லாத்தையும் இறக்கி, எது வேணும் எது வேண்டாம்னு பார்க்க நேரமில்லாமல் பாதியைத் தீயில் போட்டுவிட்டு, மீதியை அப்படியே மேலே ஏற்றிவிடுவோம். அடுத்த வருஷமும் அதே மூட்டைகள், அதே தூசி.

இதற்கு மாற்றாகச் சொல்லப்படுவதுதான் தினமும் 10 நிமிடப் பழக்கம். பொருளைத் தூக்குவதை விட, ‘வச்சுக்கலாமா, வேண்டாமா’ என்று முடிவெடுப்பதுதான் அதிகம் களைப்பாக்கும். ஒரு நாளைக்கு ஒரு டப்பா, ஒரு தட்டு என்றால் அந்தக் களைப்பு வராது.

எங்கிருந்து ஆரம்பிப்பது?

மனசு உறுத்தாத இடத்திலிருந்து. சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு கவர் தொங்கும், அதற்குள் நூறு கவர். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை, ஆனாலும் அந்தக் கவர் மூட்டை மட்டும் குறையவே இல்லை. துணிக்கடை கட்டைப்பைகளில் நல்லதாக நாலு போதும். மூடி தொலைந்த டப்பா, ஓடாத விலையில்லா மிக்ஸி, ரிமோட் இல்லாத பழைய டிவி எல்லாம் அடுத்தடுத்த நாட்களில். பிளாஸ்டிக்கையும் ஒயரையும் மட்டும் போகித் தீயில் போடாதீங்க, அந்தப் புகை நம்ம மூக்குக்குத்தான் வரும்.

காகிதத்துக்கு மட்டும் வேற ரூல்

வீட்டைச் சீராக்குவதில் உலகப் புகழ்பெற்ற ஜப்பானின் மேரி கோண்டோ, காகிதங்களைப் பொறுத்தவரை பெரும்பாலும் எல்லாவற்றையும் கழித்துவிடலாம் என்கிறார். ஜப்பானுக்குச் சரி. கள்ளக்குறிச்சியில் இதை அப்படியே செய்தால் சிக்கல்தான்.

ஏன்னா, இங்குள்ள ஒரே வீட்டின் ட்ரங்க் பெட்டியில் மூன்று மாவட்டப் பெயர்கள் இருக்கும். தாத்தாவின் பள்ளி டிசியில் தென்னாற்காடு, அப்பாவின் சான்றிதழில் 1993-ல் பிறந்த விழுப்புரம் மாவட்டம், பிள்ளைகளுடையதில் 2019 நவம்பர் 26-ல் உதயமான கள்ளக்குறிச்சி. ‘பழைய மாவட்டம் பேர்ல இருக்கு, இனி எதுக்கு?’ என்று கிழித்துப் போட்டுவிடக் கூடாது.

கல்வராயன் மலையில் வாழும் மலையாளி சமூகத்தினருக்கு (கேரளத்தவர் அல்ல, இங்குள்ள மலைவாழ் மக்கள்) இது இன்னும் முக்கியம். பழங்குடிப் பட்டியலில் மலையாளிகள் சில மாவட்டங்களின் பெயரோடுதான் இடம்பெறுகிறார்கள். அதில் இந்தப் பகுதிக்கான பெயர் இன்றும் ‘தென்னாற்காடு’தான். எஸ்.டி. சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும்போது, பெற்றோர், தாத்தா பாட்டியின் பழைய ஆவணம் கையில் இருந்தால் அலைச்சல் பெருமளவு குறையும்.

ரேஷன் கார்டு எப்படி நிலத்துக்குச் சாட்சி ஆகும்?

2006 வன உரிமைச் சட்டப்படி, 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே வன நிலத்தில் குடியிருந்தோ, பிழைப்புக்காகப் பயிர் செய்தோ வரும் பழங்குடியினர் அந்த நிலத்துக்கு உரிமை கோரலாம். அதற்கான ஆதாரங்களில் வாக்காளர் அட்டை, ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது ஆகியவையும் உண்டு. ஊர்ப் பெரியவர்களின் எழுத்துப்பூர்வ வாக்குமூலமும் ஏற்கப்படும். ஆனால் ஒரே ஒரு ஆதாரம் பத்தாது, ஒன்றுக்கு மேல் வேண்டும்.

2017-ல் ஸ்மார்ட் கார்டு வந்த பிறகு, அந்தப் பழைய புத்தக ரேஷன் கார்டை நாம் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வெள்ளிமலையிலோ கரியாலூரிலோ ஒரு குடும்பத்துக்கு, கரையான் அரித்த அந்த அட்டையும் 20 வருஷத்துக்கு முந்தைய வீட்டு வரி ரசீதும்தான் ‘நாங்க இங்கதான் இருந்தோம்’ என்பதற்கான சாட்சி. அவசர அவசரமாக ஒரே நாளில் வீட்டை ஒதுக்கும்போது முதலில் குப்பைக்குப் போவதும் இதுதான்.

அப்போ எதைக் கழிக்கலாம்?

திரும்ப எடுக்க முடிந்ததை. கணினிப் பட்டா, சிட்டாவை இணையத்தில் எப்போது வேணாலும் எடுக்கலாம், அதன் ஜெராக்ஸ் கட்டு வேண்டாம். வருமானச் சான்றிதழ் ஓராண்டுதான் செல்லும், காலாவதியானது வெறும் காகிதம். வாரண்டி முடிந்த பில்லும் அப்படியே. மாறாக கைப்பட எழுதிய ரசீது, சீல் வைத்த பழைய அட்டை, 2005-க்கு முந்தைய எதுவாக இருந்தாலும் கை வைக்காதீங்க. வீட்டுப் பெரியவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு ஐந்தாறு தாள் பார்த்தால் போதும். எந்தத் தாள் எதற்கென்று அவர்களுக்குத்தான் தெரியும்.

பிரித்தெடுத்ததை போனில் போட்டோ எடுத்துக்கொண்டு, ஜிப் கவரில் போட்டு உயரமான தட்டில் வையுங்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை கள்ளக்குறிச்சியைப் புரட்டிப் போட்டபோது, அரசு அறிவித்த 2,000 ரூபாய் நிவாரணம்கூட குடும்ப அட்டையை வைத்துத்தான் வழங்கப்பட்டது. தண்ணீர் உள்ளே வந்தால் கட்டிலுக்கு அடியில் இருக்கும் பெட்டிதான் முதலில் நனையும்.