கோசேனுக்கு இரண்டு உடல்

கொல்லப்பட்ட நாயகன் கோசேன் வெள்ளிக் கோளில், வேறோர் உடலில் கண்விழிக்கிறான்! வான் வோட்டின் 'தி வேர்ல்டு ஆஃப் நல்-ஏ' நாவல் 1945-இல் அமெரிக்காவின் 'அஸ்டவுண்டிங்' இதழில் தொடராக வந்தது. ஆம், இல்லை என்ற இரண்டே விடைகளுக்குள் நிற்கும் அரிஸ்டாட்டிலின் தர்க்கத்தைத் தாண்டிச் சிந்திக்கப் பழகியவர்களின் கதை.

அதே ஆண்டில் டேமன் நைட் என்ற இளைஞர் இந்தக் கதையைப் பிரித்து மேய்ந்துவிட்டார். கதைப்பின்னல் ஒட்டவில்லை, தர்க்கம் பேசும் கோசேனின் செயலிலேயே தர்க்கம் இல்லை என்பது அவர் வாதம்.

எழுத்தாளர் ஃபிலிப் கே. டிக்குக்கோ அந்த ஒட்டாமைதான் பிடித்தது. நிஜ வாழ்க்கையும் அப்படித்தானே என்றார். அவர் பக்கம்தான் நியாயம் கூடுதல்.

வான் வோட் விமர்சனத்தை மறக்கவில்லை. 1970-இல் நாவலைத் திருத்தி, முன்னுரையில் நைட்டுக்குப் பதிலும் எழுதினார்.